கோலுக்குப் பின்னால் கடல்

— போதும்டா பாவாடை, இன்னும் காத்தடிச்சா டயரு வெடிச்சுடப் போவுது. இந்தா பை. மீன் வாங்க வந்தவன் மாதிரியே நில்லு. அந்தக் கண்ணையன் பெனால்ட்டிய எந்தப் பக்கம் அடிக்கறான், அத மட்டும் பாத்துக்கினு வந்துரு.

— தெரியும் கொளஞ்சிண்ணே. ஒரு வாரமா இதத்தான சொல்றீங்க.

— ஒரு வாரமா எங்க வூட்ல மீன் கொழம்புதான். எம் பொண்டாட்டி செதிலு தேச்சித் தேச்சிக் கை போச்சின்னு திட்டறா. சேதிதான் ஒண்ணும் உருப்படியா வரல. 'நல்லா ஆடறாங்கண்ணே, நல்லா ஆடறாங்கண்ணே'. இதத் தெரிஞ்சிக்கவா ஒன்ன பிள்ளைச்சாவடிக்கு அனுப்பறேன்?

— நல்லா ஆடறவங்கள வேற எப்படிண்ணே சொல்றது?

— கொளஞ்சி, எனக்கு இது புடிக்கல. பாக்கறதுன்னா சொல்லிட்டுப் பாக்கணும்னு மொத நாளே சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

— ஆரம்பிச்சிட்டாரு சொல்தா. கலியபெருமாளண்ணே, பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இருந்ததுக்குப் பென்சன வாங்கினோமா, சைக்கிள் கடை பெஞ்சுல குந்திக்கினு பேப்பர் படிச்சோமான்னு இருங்க. ஞாயித்துக்கெழம அவனுங்ககூட பைனல். எனக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து முத்தியால்பேட்டைக்குக் கோப்பை வரல. டீமுக்குச் செக்ரட்டரி நான். ஊர்ல அத்தினி பேரும் என்னத்தான் கேக்கறான்.

— சைகோன்ல இருந்தப்ப உளவு பாக்க வந்தவன்னு ஒருத்தனப் புடிச்சாந்தாங்க. இவன் வயசுதான் இருக்கும். விடியறதுக்குள்ள... வேணாம், வுடு. அது சண்டைடா. சண்டையில அது உண்டு. பந்து ஒதைக்கறதுக்கு எதுக்குடா உளவு?

— நான் சொல்றேன் கேளுங்க. அவன் என்னா கோட்ட கட்டியா ஆடறான்? வெட்ட வெளி. கடக்கரை. கண்ணு இருக்கறவன் பாக்கறான். பாக்கக் கூடாதுன்னா சுவரு எழுப்பிக்கட்டும்.

— கதவு இல்லாத வூட்ல எட்டிப் பாப்பியா நீ? எமர்ஜென்சியில டீக்கடை டீக்கடையா ஒருத்தன் வந்து காத வெச்சிக்கினு குந்தியிருந்தானே, அப்ப நீ என்னா சொன்ன? ஒட்டுக் கேக்கறவன்லாம் ஒரு மனுசனான்னு காறித் துப்பினியே?

— அது அரசியலு. இது ஆட்டம். அவனுங்க மட்டும் யோக்கியமா? போன வருசம் நம்ப மைதானத்துல ஒரு ஐஸ்காரன் நின்னானே. பெட்டியில இருந்ததெல்லாம் தண்ணியா ஓடிச்சி, ஒரு ஐஸ் விக்கல அவன். கண்ணு பூரா ஆட்டத்து மேலதான். எந்த ஊருக்காரன்னு நெனச்சீங்க?

— சரி, பாக்கறதுல தப்பில்ல. அப்பறம் எதுக்கு இந்த மீன் பை?

— அது... ஒரு இதுக்கு.

— எதுக்கு? 'நான் முத்தியால்பேட்டை, ஒங்க ஆட்டத்தப் பாக்க வந்தேன்'னு நேரா சொல்லிட்டு நிக்க வேண்டிதான? சொல்ல வாய் வரல இல்ல? அப்பத் தப்புன்னு ஒனக்கே தெரியுது.

— இவரு பேச்சக் கேட்டா கோப்பையில கஞ்சிகூட ஊத்திக் குடிக்க முடியாது. டேய், முழங்கையில என்னாடா சிராய்ப்பு?

— சைக்கிள்ல இருந்து வுழுந்துட்டண்ணே.

— பாத்தீங்களா? ஒரு பையும் சைக்கிளும் சமாளிக்க முடியல. இவன் ஞாயித்துக்கெழம கோலுல நிக்கணுமாம். தெனம் கேக்கறான்.

— ஒரு பாதி ஆட்டம் குடுங்கண்ணே. ஒரே ஒரு பாதி.

— கண்ணையன் அடிச்சா பந்தோட சேந்து நீயும் வலைக்குள்ள கெடப்ப. போடா, மில்லு சங்கு ஊதறதுக்குள்ள திரும்பணும்.

— வரேன் சொல்தாண்ணே.

— பாத்துப் போ. அவனுங்ககிட்ட மரியாதையா பேசு.

— வஞ்சிரம் இருந்தா வாங்கியாடா!

*

— எழுந்திரு கொளஞ்சி. தரையில பொரளாத. உள்ள பாவாடையோட அம்மா செல்வாம்பா இருக்குது.

— செல்வாம்பா மூஞ்சியில நான் எப்படிண்ணே முழிப்பேன்? ஆஸ்பத்திரியில துணிய வெலக்கிக் காட்டினான். வாயெல்லாம் மணலுண்ணே. காதுல மணலு. நான் தொடச்சி வுடறேன், வந்துகினே இருக்குது.

— ஒடம்பு வர நேரம். மூங்கிலு வந்துதா பாரு.

— என்னாத்துக்கு மூங்கிலு? நான் சொல்றேன் கேளுங்க. அவனத் தள்ளிட்டாங்க. உளவு பாக்கறவன்னு தெரிஞ்சிபோயி, அடிச்சி, கடல்ல தள்ளிட்டாங்க. மாசி மகத்துக்கு சாமியெல்லாம் வைத்திக்குப்பத்துக்கு வரப்ப ஊரே கடல்ல முழுவும். இவன் கணுக்கால நனைச்சிருப்பானா? மணல்ல நின்னுக்கினு, 'எனக்கும் ரெண்டு சொட்டு தெளிச்சி வுடுங்கண்ணே'ம்பான். நீச்சல் தெரியாது, தண்ணின்னாலே பயம். அவன் தானா எறங்குவானா? நீங்களே சொல்லுங்க!

— எறங்க மாட்டான்.

— அவ்வளவுதான். மில்லு பசங்க தடியோட நிக்கறானுங்க. நான் ஒரு வார்த்த சொன்னா போதும், பிள்ளைச்சாவடியில ஒரு கூரை மிஞ்சாது.

— கூரை எரிஞ்சா பாவாடை எழுந்து வருவானா? அவன அனுப்பினது யாரு?

— நான்தான்! பைய கையில குடுத்து நான்தான் அனுப்பினேன்! நீங்க திங்கலியா அந்த மீன?

— தின்னேன். வேணாம்னு சொல்லிக்கினே தின்னேன்... யாருப்பா அது? சந்து மொனையில யாரு?

— நான்தாங்க. பிள்ளைச்சாவடி. கண்ணையன்.

— வந்துட்டியா? பொணம் வரதுக்கு முன்னால வந்துட்டியா நீ?

— கொளஞ்சி, சட்டைய வுடு! வுடுன்றேன்ல! நீ சொல்லுப்பா. பசங்க பாக்கறதுக்குள்ள சொல்லு.

— அடிக்கறதுன்னா அடிங்கண்ணே. அதுக்குத்தான் தனியா வந்தேன். அது நடந்ததுல இருந்து எங்க ஊர்ல ஒரு கட்டுமரம் கடல்ல எறங்கல. ஒரு அடுப்பு எரியல. அவங்கம்மா கால்ல ஒரு தபா வுழுந்துட்டு...

— உளவு பாத்தான்னுதான அவனக் கொன்னீங்க?

— உளவா? அவன் மொத நாளே சொல்லிட்டானேண்ணே. மீன் பைய மடிச்சி இடுப்புல சொருவிக்கினு நேரா எங்கிட்ட வந்தான். 'நான் முத்தியால்பேட்டை. ஒங்க ஆட்டத்தப் பாத்துட்டு வரச் சொன்னாங்க. பாக்கலாமா?'ன்னான். 'பாக்கறதா இருந்தா சொல்லிட்டுப் பாக்கணும்னு எங்க சொல்தா சொன்னாரு'ன்னான்.

— அய்யோ, பாவி நான்.

— பசங்க வுழுந்து வுழுந்து சிரிச்சானுங்க. கோலுல நிக்கற எங்க கோலி மீன் புடிக்க வெளியூரு போயி ஒரு வாரமா திரும்பல. சும்மா நின்னு பாக்கறதுக்குக் கோலுல நின்னு பாருன்னேன். நின்னான். மறுநாளும் வந்தான். ஆட்டம் முடிஞ்சி போறப்ப எங்கம்மாதான் பையில மீனு போட்டுக் குடுக்கும்.

— அந்த முழங்கை...

— மணல்ல பாஞ்சி பாஞ்சி வுழுவாண்ணே.

— பொய் சொல்றான் சொல்தாண்ணே. கோலுல நின்னவன் கடலுக்குள்ள எப்படிடா போனான்?

— எங்க கோலுக்குப் பின்னால கடல்தாண்ணே. வலை கெடையாது. ரெண்டு கழிய நட்டு வெச்சிருக்கோம். பந்து வெளிய போனா அடிச்சவன் எடுத்தாரணும். கழிக்கு நடுவுல போயி தண்ணியில வுழுந்தா, வுட்ட கோலிதான் நீந்திப் போயி எடுத்தாரணும். சின்னப் புள்ளையில இருந்து அதான் சட்டம். அவன்கிட்டயும் மொத நாளே சொன்னோம். சரின்னு தலைய ஆட்டினான். இன்னிக்கு நான் அடிச்ச ஒரு பந்து போயிடிச்சி. கோலுக்குள்ள நின்னு கொஞ்ச நேரம் கடலப் பாத்தான். அப்பறம் என்னப் பாத்து சிரிச்சிட்டு எறங்கினான்.

— நீங்க என்னா பண்ணிக்கினு இருந்தீங்க?

— திரும்பி நின்னு பேசிக்கினு இருந்தோம். பந்து எடுக்கப் போறவன யாருண்ணே நின்னு பாக்கறா? ரொம்ப நேரமாவுதேன்னு திரும்பினா பந்து மட்டும் மெதக்குது. எல்லாரும் பாஞ்சோம். அலை அவன அந்தாண்ட இழுத்துக்கினு போயிடிச்சி.

— நீச்சல் தெரியாதுடா அவனுக்கு!

— தெரியாதா?

— கேக்கலியா? அத்தினி பேர்ல ஒருத்தன் கேக்கலியா?

— எங்க ஊர்ல அத யாரும் கேக்க மாட்டாங்கண்ணே. நடக்கத் தெரியுமான்னு ஒருத்தனக் கேப்பீங்களா? நீச்சல் தெரியாம ஒரு ஆம்பள இருப்பான்னு எங்களுக்குத் தோணவேயில்ல. அவனும் வாயத் தொறக்கல.

— நான்தான் கொளஞ்சி. நேரா போயி சொல்லுன்னு நான்தான் சொன்னேன். பையோட ஓரமா நின்னிருந்தா உசுரோட வந்திருப்பான்.

— இருங்கண்ணே. எனக்கு ஒண்ணு தெரியணும். டேய், ஒரு வாரம் ஒங்ககூட ஆடியிருக்கான். தெனம் எத்தினி பந்து அடிச்சிருப்பீங்க. மத்த நாள்ல பந்து கடல்ல வுழுவலியா? இவன் எறங்கத் தயங்கறான், இவனுக்குத் தண்ணி ஆவாதுன்னு அப்பக்கூடவா ஒங்களுக்குத் தெரியல?

— மத்த நாள்ல எறங்கற வேலையே வரலண்ணே. இன்னிக்கு வரைக்கும் ஒரு பந்தக்கூட அவன் வுடல.