கூடுதல் தாள்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பை எந்த ஆசிரியரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. நான் வாங்குவேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். குறுக்கே கேள்வி கேட்க மாட்டார்கள். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் நடத்த அது ஒன்றும் கெட்ட நேரமில்லை. இந்தக் கல்லூரியின் வணிகவியல் துறையில் என் பாடத்தில்தான் தேர்ச்சி அதிகம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள் பிரின்சிபல் அம்மா. விசாரணை என்று உட்கார்ந்தபின் நல்லது கெட்டது இரண்டும் பதிவாக வேண்டும்.

நீங்கள் கேட்பது என் தங்கையைப் பற்றி. சொல்கிறேன்.

வீட்டில் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்றால் நான்தான். வேறு யாரும் இல்லை. அவளைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். அப்பா கொஞ்ச நாளில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு பக்கம் புத்தகம், மறுபக்கம் அவள். பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவள் கெட்டிக்காரி. இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? இதே கல்லூரியில், இதே துறையில் சேர்ந்தாள். இரண்டாம் ஆண்டில் எல்லாரும் ஒரு தொழிலிடத்துக்குப் போய் அதன் செலவுகளை ஆராய்ந்து எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் போன வருடத்து ஆட்கள் எழுதியதைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். இவள் ஒரு பேக்கரியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தலையெல்லாம் மாவோடு வீடு திரும்புவாள்.

"அக்கா, ரொட்டி கருகிப்போனா எல்லாரும் அடுப்புக்காரரைத்தான் திட்டுறாங்க. கணக்குப் போட்டுப் பாத்தா தப்பு அவர்மேல இல்ல. தட்டை நெருக்கி நெருக்கி அடுக்கச் சொன்னது முதலாளி."

"முதலாளிகிட்டயே சொன்னியா?"

"சொன்னேன். கொஞ்ச நேரம் மொறைச்சாரு. அப்புறம் ஒரு பன்னு குடுத்தாரு."

அந்த அடுப்புக்காரருக்கு வேலை போகாமல் நின்றது இவளால்தான். படிப்பு முடிந்ததும் வந்து கணக்கைப் பார்த்துக்கொள் என்று முதலாளி அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

கடைசி ஆண்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். வெளியூர். எங்கள் துறையில் அவளை மட்டும் எடுத்தார்கள். அன்றைக்கு அவள் சமையலறை வாசலில் வந்து நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னை எடுத்துட்டாங்கக்கா."

நல்லது என்றேன்.

"நீ ஒண்ணும் கவலப்படாத. மாசத்துக்கு ஒரு தடவ வந்து உன்னைப் பாத்துட்டுப் போறேன்."

பார்த்துட்டுப் போறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களிடம் அப்படித்தான் சொல்வார்கள். நான் கோபப்படவில்லை. மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தேன். அவளுக்குப் பிடித்தபடி முட்டையைப் பொரித்துப் போட்டேன். இரண்டாவது முட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நம் கல்லூரியில் விடைத்தாள்களை நாமே திருத்துகிறோம். பெயர் இருக்காது, குறியீட்டு எண்தான் இருக்கும். ஆனால் அவளுக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். அவள் 7 போடுகிற விதத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? அவள் தாள் எனக்கு வந்த விடைத்தாள் கட்டுக்குள் தானாக வரவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் கட்டை மாற்றிக்கொண்டேன். என் கட்டு சிறியது என்பதால் அவருக்கு ஒரே சந்தோஷம்.

அவள் நிறைய எழுதியிருந்தாள். கூடுதல் தாள்கள் வாங்கி நூலால் கட்டியிருந்தாள். அந்த நூலை அவிழ்த்துக் கூடுதல் தாள்களை எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை மறுபடி கட்டினேன். நேர்மையாகத் திருத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்த விடைகளுக்கு உரிய மதிப்பெண்ணை முழுதாகப் போட்டேன். அரை மார்க் கூடக் குறைக்கவில்லை. வேண்டுமானால் இன்னொருவரை வைத்துத் திருத்திப் பாருங்கள்.

அவள் தேறவில்லை. ஆடிட்டர் அலுவலகம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

"எப்டிக்கா? எல்லாம் டேலி ஆச்சே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"டேலி ஆனா சரின்னு அர்த்தம் இல்ல பொடிசு. ரெண்டு தப்பு ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கிட்டாலும் டேலி ஆகும். முதல் வருஷப் பாடமாச்சே."

இதில் பொய் ஒன்றும் இல்லை. எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இருக்கும். நான் மாணவர்களுக்குப் பொய் சொல்லிக்கொடுத்ததே கிடையாது.

அடுத்த தேர்வுக்கு நானே அவளைத் தயார் செய்தேன். கல்லூரி விட்டு வந்து காபி குடித்ததும் உட்காருவோம். அவள் கணக்கைப் போட்டு முடித்து நீட்டுவாள். கொஞ்ச நேரம் பார்ப்பேன். தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னொரு தடவ பாரு" என்பேன், அவ்வளவுதான். சரியான விடையை அழித்துவிட்டு வேறொன்றைத் தேடுவாள். கிடைக்காது, இல்லாதது எப்படிக் கிடைக்கும்? மேசையெல்லாம் ரப்பர்த் தூளாக இருக்கும். அதை நான்தான் துடைப்பேன்.

அந்தத் தேர்விலும் நான் சில தாள்களை எடுத்தேன். அதற்கடுத்த தேர்வில் எடுக்க வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை. அவளே எழுதி எழுதி அடித்து வைத்திருந்தாள்.

ஒருநாள் பேக்கரிக்காரர் வீடு தேடி வந்தார். பட்டம் கிட்டம் தனக்கு வேண்டாம், பெண் வந்து கணக்கைப் பார்த்தால் போதும் என்றார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அக்காகிட்ட கேளுங்க" என்றாள் இவள்.

வாசல்வரை போனவர் திரும்பி என்னிடம், "என்னம்மா ஆச்சு இந்தப் பொண்ணுக்கு? என்னையே வாய மூட வச்ச பொண்ணாச்சே" என்றார்.

"படிப்பு ஒத்துவரல" என்றேன்.

அதன் பிறகு அவளுடைய சந்தேகம் கணக்கோடு நிற்கவில்லை. நான் அதை நினைத்துச் செய்யவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பின் நடுவில் போன் வரும். அடுப்பை அணைத்தேனா அக்கா என்பாள். கதவு பூட்டித்தான் இருக்கிறதா என்பாள். உப்புப் போட்டேனா, போடவில்லையா என்பாள். நான் எங்கே இருந்து பார்ப்பது? இருந்தாலும் சொல்வேன், அணைச்சிட்ட, பூட்டிட்ட, போட்டுட்ட. என் குரலைக் கேட்டால் அவளுக்கு மூச்சு சீராகிவிடும். பிள்ளைகள் அதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடித்திருப்பார்கள்.

எந்த உற்பத்தியிலும் கொஞ்சம் சேதாரம் உண்டு என்று பாடம் நடத்துகிறோம். தவிர்க்க முடியாத சேதாரத்தை யார் தலையிலும் எழுதுவதில்லை. நான் அப்படித்தான் பார்த்தேன். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், ஒருவருக்கொருவர் துணை, வேளாவேளைக்குச் சாப்பாடு. வெளியூரில் ஒரு அறை எடுத்துத் தனியாகக் கிடந்து என்ன கண்டிருப்பாள்?

நம் துறைக்குப் புதிதாக வந்த மிஸ்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சின்னப் பெண், துறுதுறுவென்று இருக்கிறாள். அரியர் வைத்தவர்களுக்கான வகுப்பில் பொடிசைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். இவள் போய் ஒரே மூச்சில் கணக்கைப் போட்டிருக்கிறாள். திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தவள், யாரும் வாய் திறக்குமுன் உள்ளங்கையால் அழித்துவிட்டாள்.

"ஏம்மா அழிச்ச? சரியாத்தானே இருந்துச்சு."

"தெரியல மிஸ். அக்கா பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அந்த ஒரு பதிலில் அந்த மிஸ்ஸுக்குப் பொறி தட்டியிருக்கிறது. அடுத்த தேர்வில் பொடிசின் பக்கத்திலேயே நின்று, கூடுதல் தாள் வாங்கியதையும் கட்டியதையும் கவனித்திருக்கிறாள். முடிவு வந்ததும் விடைத்தாளை எடுத்துப் பார்த்தாள், அதில் கூடுதல் தாள்கள் இல்லை. மற்றது உங்களுக்குத் தெரியும்.

எடுத்த தாள்களை ஏன் எரிக்கவில்லை என்று கேட்டீர்கள். அவள் கையெழுத்து அம்மா, எரிக்க மனம் வருமா? என் அலமாரியில் சேலைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். அவற்றையும் திருத்தித்தான் வைத்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். சில நாள் எடுத்துப் பார்ப்பேன். அவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போடுகிற பிள்ளை என்னிடம் வேறு யாரும் படித்ததில்லை.

இன்று காலை அவளைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே அந்தத் தாள்களைக் கொடுத்தீர்கள். "நீங்க முதல் தடவையே பாஸும்மா. உங்க விடை எல்லாம் சரி. உங்க அக்கா எடுத்துட்டாங்க" என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அவள் அழுவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்துத்தானே அந்த மிஸ்ஸைப் பக்கத்தில் நிறுத்தி வைத்தீர்கள்? அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரியாக்கா இது?"

சரிதான் என்றேன். உங்கள் காதாலேயே கேட்டீர்கள், நான் உண்மையைத்தான் சொன்னேன். எல்லாமே சரி பொடிசு, நான்தான் எடுத்தேன் என்றேன்.

அவள் தாள்களை ஓரம் தட்டி அடுக்கி உங்கள் மேசையில் வைத்தாள்.

"இல்லக்கா. நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீ இப்படிச் சொல்ற."

அப்போது நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டீர்கள். நானும் அவளுக்கு இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், சின்னப் பிள்ளைக்குச் சமாதானம் சொல்கிறவள்போல.

எனக்கு வேலை போகும் என்கிறீர்கள். போகட்டும். வழக்கு வரும் என்கிறீர்கள். வரட்டும். நான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன், ஒவ்வொரு தடவையும் நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நான் வராமல் எழுந்திருக்க மாட்டாள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளை விடுதியில் சேர்க்கலாம், டாக்டரிடம் காட்டலாம், அந்த மிஸ் கொஞ்ச நாள் கூட வைத்துக்கொள்வாள் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தீர்களே, அது மட்டும் வேண்டாம் அம்மா. வேறு யார் கையிலாவது விட்டால் அவளைக் கெடுத்துவிடுவார்கள்.