நான்கு நிமிடம் பத்து விநாடி

பந்தயம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மதியம் ரசம் சாதம் மட்டுமே சாப்பிடுவேன். வயிறு கனத்தால் தொண்ணூறு நிமிடம் ஓட முடியாது. ஓட முடியாத நடுவர் தொலைவிலிருந்து முடிவெடுப்பார். தொலைவிலிருந்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே இருக்கும். அன்று என் மனைவி அனந்தலக்ஷ்மி அப்பளம் பொரித்திருந்தாள். நான் அதையும் தொடவில்லை.

யாரும் அழைக்காமல் நான் காவல் நிலையத்துக்கு வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருப்பது தெரிகிறது. கால்பந்து ஆட்டக்காரர் லாயிட் இறந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. இதயம் திடீரென நின்றதால் மரணம் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்துவிட்டது. யார்மீதும் வழக்கு இல்லை. போட்டியை நடத்திய லிங்கராஜபுரத்து இளைஞர் மன்றம் மட்டும் மூவர் குழு ஒன்றை அமைத்து விசாரித்தது. அவர்கள் எனக்கு அனுப்பிய கடிதம் இது. மூன்றாம் பத்தியைப் படியுங்கள். ‘வீரர் நேரத்தை வீணடிக்க நடிக்கிறார் என்று நடுவர் சுந்தரராமன் நேர்மையாக நம்பியதால் முதலுதவி தாமதமானது. இது மனிதத் தவறு.’ உண்மையான காயத்தையும் நடிப்பையும் பிரித்தறிவது எப்படி என்ற இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் நான் கலந்துகொள்ள வேண்டுமாம். அந்த வகுப்பை நான்கு ஆண்டுகளாக நடத்தி வருபவன் நான்.

இங்கே தவறு எதுவும் நடக்கவில்லை. அதைப் பதிவு செய்யவே வந்தேன்.

கால்பந்து உங்களுக்குப் பழக்கமில்லை என்றீர்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னிலையில் இருக்கும் அணிக்கு மீதமுள்ள நேரம் பகை. அதைத் தீர்க்க அவர்கள் பந்தை மெதுவாக எடுப்பார்கள், காலணிக் கயிற்றைக் கட்டுவார்கள், அடிபட்டதாகப் படுத்துக்கொள்வார்கள். வீணான நேரத்தை நடுவர் கடைசியில் கூட்டித் தரலாம். ஆனால் அந்த மைதானத்தில் ஒரே நாளில் மூன்று பந்தயங்கள் நடக்கும், விளக்குகள் கிடையாது. எனவே எவ்வளவு வீணானாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மன்றத்தின் விதி. மஞ்சள் அட்டை காட்டலாம். அதை வாங்கிக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டாம் மஞ்சளுக்கு ஆளை வெளியேற்றலாம். வெளியேறுபவர் கைதட்டல்களுக்கு நடுவே ஊர்வலம்போல நடந்து இன்னும் அரை நிமிடத்தைத் தின்பார். எதிரணியின் பதினொரு பேர் வாரத்தில் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு, ஏழாம் நாள் ஓட வந்தவர்கள். அவர்களிடமிருந்து எடுத்ததை அவர்களுக்குத் திருப்பித் தர என் கையில் எதுவும் இல்லை. இதை மன்றத்துக்கு மூன்று முறை எழுதினேன். பதில் வரவில்லை.

லாயிட் இந்தக் கலையில் தேர்ந்தவர். வயது முப்பத்து நான்கு. கம்மனஹள்ளியில் ஒரு கைப்பேசிக் கடையில் விற்பனையாளர். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். கோல் போட்டதற்குக் கிடைத்த கைதட்டலைவிட, கீழே விழுந்து புரண்டதற்கு அவருக்குக் கிடைத்த கைதட்டல் அதிகம்.

அந்த அரையிறுதியில் அவருடைய லிங்கராஜபுரம் அணி காக்ஸ் டவுன் அணியைவிட ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் லாயிட் வீணடித்ததை நான் தனியாகக் குறித்துவந்தேன். காலணிக் கயிறு, இரண்டு முறை, மொத்தம் அறுபத்தைந்து விநாடி. எறிய வேண்டிய பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தது, நாற்பது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாகப் படுத்தது, நூற்று நாற்பத்தைந்து. அதற்கு மஞ்சள் அட்டை காட்டினேன்.

“சார், கலர் நல்லாருக்கு. சட்டைக்கு மேட்ச் ஆகுது” என்றார். கூட்டம் சிரித்தது. ஆக மொத்தம் இருநூற்று ஐம்பது விநாடி. நான்கு நிமிடம் பத்து விநாடி.

எண்பத்து மூன்றாம் நிமிடம் பந்து எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டியது. எறியும் உரிமை லிங்கராஜபுரத்துக்கு. லாயிட் தானே எறிவதாகக் கையை ஆட்டிவிட்டு மைதானத்தின் குறுக்கே உலாவுவதுபோல் போனார். குனிந்து பந்தை எடுத்தார். நிமிர்ந்தார். விழுந்தார்.

என் வகுப்பில் நான் முதலில் கற்பிப்பது இதுதான்: நடிப்பவன் விழும்போது அவன் கைகள் அவனுக்கு முன்னால் தரைக்கு வந்துவிடும். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும். அதை நிறுத்த எந்த நடிகனாலும் முடியாது. விழுந்த பிறகு நடிப்பவன் நடுவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பான். லாயிடின் கைகள் வரவில்லை. முகம் நேராகத் தரையில் மோதியது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

நான் பதினைந்து அடி தொலைவில் இருந்தேன். நான்கு விநாடிகளில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது நிறுத்துகடிகாரத்தை அழுத்தினேன். அருகே போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். அந்தப் பக்கத்துக் கோட்டு நடுவர் மறுபாதியின் மூலையில் இருந்தார். அவருக்கு என் முதுகு மட்டுமே தெரிந்திருக்கும். லாயிடின் கால்கள் இரண்டு முறை உதறின. அரங்கின் படிகளில் விசில் பறந்தது. “ஆஸ்கார் குடுங்கப்பா அவனுக்கு!” என்று யாரோ கத்தினார்கள். பிறகு, நீண்ட இடைவெளிவிட்டு, லாயிடுக்குக் குறட்டைபோல மூச்சு இழுத்தது. அது மூச்சல்ல. ஜனவரியில் மன்றம் ஒரு செவிலியரை வரவழைத்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தது. இதயம் நின்ற உடம்பு அப்படித்தான் இழுக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று அவர் சொன்னார். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்றும் சொன்னார். நான் குறிப்பெடுத்தேன். குறிப்பேடு வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் கொண்டுவருகிறேன்.

பயிற்சிக்குப் பிறகு மன்றம் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி ஒன்றை வாங்கியது. எல்லோரும் அதை ஷாக் பெட்டி என்பார்கள். அது ரெமிஜியஸிடம் இருந்தது. மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் காயங்களுக்குக் கட்டுப்போட்டு ஓய்வுபெற்றவர். லிங்கராஜபுரம் அணியின் முதலுதவிக்காரர். அவர் மைதானத்தின் மறுபக்கம், அணிகள் அமரும் கோட்டில், பெட்டியும் கையுமாக, காலைக் கோட்டின்மேல் வைத்தபடி நின்றார்.

“சார்! உள்ள வரட்டா சார்?”

நான் உள்ளங்கையைக் காட்டினேன்.

நடுவரின் அனுமதியில்லாமல் யாரும் மைதானத்துக்குள் வரக் கூடாது. இது எங்கும் உள்ள விதி. பெங்களூரில் இதை யாரும் மதிப்பதில்லை. அடிபட்டதும் அண்ணன், தம்பி, மாமன், தண்ணீர்க் குடத்துடன் பத்துப் பேர் ஓடிவருவார்கள். முதல் சுற்றில் லாயிட் படுத்தபோது ரெமிஜியஸ் அப்படித்தான் ஓடிவந்தார். நான் அவரைக் கோட்டுக்கு வெளியே அனுப்பி, எழுதியும் கொடுத்தேன். அவரை இரண்டு பந்தயங்களுக்கு விலக்கிவைத்தார்கள். அறுபத்தொரு வயதில் அந்த மனிதர் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்தார். அதன் பிறகு அவர் கோட்டைத் தாண்டியதே இல்லை.

“சார், விழுந்தது சரியில்ல சார்! கையே ஊணல சார் அவன்!”

அவருக்கும் தெரிந்திருந்தது. நூற்றெழுபது அடிக்கு அப்பாலிருந்து, அறுபத்தொரு வயதுக் கண்களால் அவர் கண்டுகொண்டதை நான் காணவில்லை என்று குழு எழுதியிருக்கிறது. என்ன துணிச்சல், பாருங்கள்.

காக்ஸ் டவுன் அணித் தலைவர் கணேசமூர்த்தி வந்து கத்தினார். “ஏளோ லாயிட்டு! நாட்டகா சாக்கு!” நடிப்பு போதும், எழுந்திரு என்று கன்னடத்தில். பிறகு என்னிடம், “சார், நம்ம டைம் போவுது சார். காலப் புடிச்சு வெளிய இழுத்துப் போட்டுறட்டா?” என்றார்.

“பத்தடி தள்ளி நில்லுங்கள்” என்றேன். நின்றார். ஆத்திரத்தில் அவர் கண்கள் கலங்கியிருந்தன. இழந்துகொண்டிருந்தது தன் நேரம் என்று அவர் நினைத்தார்.

லிங்கராஜபுரத்து வீரர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னிலையில் இருப்பவர்களுக்கு அவசரமில்லை. இரண்டாம் நிமிடத்தின் முடிவில் அவர்களில் ரோஹன் என்பவர் மட்டும் பக்கத்தில் வந்தார்.

“சார், எண்பது நிமிஷத்துக்கு மேல ஒருவாட்டி படுக்கறேன், பயந்துக்காதீங்கடான்னு அவன்தான் சொன்னான்” என்று தாழ்ந்த குரலில் தொடங்கியவர், குனிந்து பார்த்தார். “ஆனா சார், அவன் காது ஏன் சார் நீலமா இருக்கு?”

மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினேன். பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். ரோஹன் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பதற்றமில்லாமல் நின்றது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். போய்விட்டார். என் நிதானத்தை எல்லோரும் நம்புவார்கள். ஹெப்பகோடியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலும், தரக்கட்டுப்பாட்டில் நான் சரி என்று கையெழுத்திட்ட உதிரிபாகத்தை யாரும் மறுமுறை அளப்பதில்லை.

மூன்றாம் நிமிடத்தில் குறட்டை நின்றது.

நான்கு நிமிடம் பத்து விநாடி ஆனதும் ரெமிஜியஸுக்குச் சைகை காட்டினேன். ஒரு விநாடி முன்னால் இல்லை. ஒரு விநாடி பின்னால் இல்லை. அவர் அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. லாயிடைப் புரட்டிப் போட்டுச் சட்டையைக் கிழித்தார். பெட்டி பேசியது, அதிர்ச்சி கொடுத்தது, மறுபடி பேசியது. மூக்கு உடைந்திருந்தது. ரெமிஜியஸ் மார்பை அமுக்கிக்கொண்டே, “எந்திரிடா, எந்திரிடா, நடிச்சது போதும்டா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த படிகளிலிருந்து சத்தம் மெல்ல மெல்ல வடிந்தது. நான் பந்தை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தேன்.

கொலை என்று நீங்கள் எழுதிக்கொள்வதைப் பார்க்கிறேன். அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. என்றாலும், நான் லாயிடுக்கு எதையும் செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். அவர் பிறரிடமிருந்து எடுத்த அளவு நேரத்தை அவரிடமிருந்து எடுத்தேன். தொடக்கத்திலேயே அவரைத் தூக்கியிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றி நான் பேசுவதில்லை.

கடந்த ஞாயிறு அவர் மனைவி சாந்தகுமாரி என் வீட்டுக்கு வந்தார். நான் மனம் உடைந்திருப்பேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“சார், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு அப்பிடியே பழகிட்டாரு. வீட்லயும் பாத்திரம் கழுவச் சொன்னா முதுகு புடிச்சுக்கிச்சும்பாரு. அன்னிக்கு நெஜம்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றேன். “அப்போதே தெரியும்.”

அவருக்கு அது எட்டவில்லை. என்னை நானே வருத்திக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். “அப்பிடிச் சொல்லாதீங்க சார்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அனந்தலக்ஷ்மியும் அழுதாள். நான் செய்யாத பிழைக்கு இரண்டு பெண்கள் என் கூடத்தில் அமர்ந்து என்னை மன்னித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இன்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்தேன்.

முன்பகை உண்டா என்று கேட்கிறீர்கள். இல்லை.

சென்ற ஆண்டு ஒரு சிறு நிகழ்ச்சி. அதைப் பகை என்று சொல்ல முடியாது. அதே மைதானத்தில் லாயிட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நான் உண்மையென்று நம்பி ஓடினேன். மண்டியிட்டேன், சட்டைப் பொத்தானைக் கழற்றினேன், மூச்சு வருகிறதா என்று என் கன்னத்தை அவர் வாயருகே வைத்தேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து, படிகளைப் பார்த்துக் கண்ணடித்தார். “முத்தம் குடுங்க சார்!” என்று ஒருவர் கத்த, மைதானமே உருண்டு சிரித்தது. யாரோ படம்பிடித்திருந்தார்கள், பதினெட்டு விநாடி. தொழிற்சாலை உணவகத்தில் நான் நுழைந்தால் யாராவது ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். அது ஐந்து வாரம் நடந்தது. கடைசியாக ஒரு வியாழக்கிழமை. என் மகள் ஸ்ரீரஞ்சனி மூன்று நாள் என்னுடன் வண்டியில் வர மறுத்தாள். இவையெல்லாம் விளையாட்டில் சகஜம். நான் அப்போதே மறந்துவிட்டேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள். மூன்றாம் நிமிடத்தில் நான் குனிந்து லாயிடின் காதருகே ஏதோ சொன்னதை ரோஹன் பார்த்திருக்கிறார். எழுந்திருக்கச் சொல்லி நான் எச்சரித்ததாகக் குழு எழுதியிருக்கிறது. அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

“இப்ப கண்ணடிடா, பாக்கலாம்” என்றேன்.