கடைசி வரிசை வரை

கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தேர்வு எழுத வந்தவர்கள் போலத்தான் உட்காருகிறார்கள். எழுத்து தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். கண்ணைச் சுருக்கிக் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு, "சரியா?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். இருபது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன் மேடம். இந்த வெட்கம் எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் விசாரிக்க வந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி பதினாறு வருடம் அந்தக் கடையில்தான் இருந்தாள். சம்பளம் என்று எதுவும் இல்லை, சொந்தக் கடைதானே. எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, குச்சியால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டுவது அவள் வேலை. எட்டு வரிசையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

பிரிவது என்று நான் முடிவு செய்தபோது, 'வாய்தா' என்று எல்லோரும் கூப்பிடும் வக்கீலிடம் போனேன். ஜீவனாம்சத்தை அவர் ஐந்தே நிமிடத்தில் விளக்கினார்.

"கோர்ட் நாலு விஷயம் பாக்கும் சார். எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தீங்க, எப்படி வாழ்ந்தீங்க, அந்தம்மாவால சம்பாதிக்க முடியுமா, உங்களால குடுக்க முடியுமா. முதல் ரெண்டுல கை வைக்க முடியாது. நாலாவதுல கை வச்சா வருமான வரிக்காரன் உங்க வீட்டுல வந்து உக்காந்துக்குவான். மூணாவதுதான் நம்ம வாசல். அவங்க உடம்பு எப்படி?"

"நல்லாத்தான் இருக்கா" என்றேன். அன்று அது உண்மை என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் கடையில் கூட்டமில்லை. புதிதாக வந்த கருவியைச் சோதித்துப் பார்க்க அவளை உட்காரவைத்தேன். அவள் கண்ணில் அழுத்தம் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு காட்டியது. கண் அழுத்த நோய் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்று வரும். நடுப்பகுதியைக் கடைசியில்தான் தொடும். சொட்டு மருந்து போட்டால் அப்படியே நின்றுவிடும். போனது திரும்பாது, இருப்பது தங்கும். டாக்டரிடம் அனுப்புவது என் கடமை.

"என்னங்க, ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள்.

"வயசாகுதுல்ல. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்."

"உங்களுக்கு மட்டும் குறையுதாக்கும்" என்று சிரித்தாள்.

நான் இரக்கமில்லாதவன் இல்லை. அன்றே சொட்டு மருந்து வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். காலாவதியானதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி வைத்தேன். இரண்டு வருடத்தில் மூன்று முறை. தீர்ப்பு வந்த மறுநாளே கொடுத்துவிடுவதாக இருந்தேன். வாய்தாவின் வழக்குகள் அவ்வளவு இழுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது வருடம் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டுக்கு நடந்தவள், ஓரத்தில் இருந்த மேசையில் இடித்துக்கொண்டாள். நீதிபதி கவனிக்கிறவர். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒருவரிடம் பார்வைச் சான்று வாங்கி வரச் சொன்னார். வாய்தா என் தொழில் நண்பர் ஒருவரைச் சொன்னார். அவளுடைய இலவச வக்கீல், பாவம், ஒரே நாளில் ஏழு வழக்கு, தலையாட்டினார்.

நண்பரின் எழுத்துப் பலகையில் விளக்கு எரியவில்லையாம். என் கடைப் பலகையை இரவல் கொடுத்தேன். தொழிலில் இப்படிக் கொடுத்து வாங்குவது சகஜம்.

அவள் பொய் சொல்லவில்லை மேடம், அதை எழுதிக்கொள்ளுங்கள். முதல் எழுத்து மங்கலாகத் தெரிந்திருக்கும். மீதியை வாய் தானாகச் சொல்லிவிட்டது. எட்டாவது வரிசையில்கூடத் தடுமாறவில்லை. முடித்துவிட்டு நண்பரிடம், "பாஸா அண்ணா?" என்று கேட்டாளாம். "அம்மா, உங்க கண்ணு கழுகுக் கண்ணு" என்றாராம் அவர். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று சொன்னார். அதைக் கேட்டுவிட்டு அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

அவளுடைய ஜீவனாம்ச மனுவைத் தள்ளிய உத்தரவு கம்பீரமாக இருந்தது. 'மனுதாரர் நல்ல பார்வை உள்ளவர். கண்ணாடி வணிகத்தில் பதினாறு ஆண்டு அனுபவம் பெற்றவர். தன்னைத் தானே பராமரித்துக்கொள்ளும் திறன் உடையவர்.' அத்தனை வருடத்தில் அவளுடைய வேலையை வேலை என்று ஒருவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மருந்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எப்போதிருந்து தெரியும் என்று கேட்பாள். அதனால் கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவளே கடைக்கு வந்தாள். படியைக் காலால் துழாவி ஏறினாள். கையில் உத்தரவு.

"என்னங்கன்னு கூப்பிடக் கூடாதுல்ல இனிமே" என்றாள். "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். எழுத்தெல்லாம் பொடிப் பொடியா அடிச்சு வச்சிருக்காங்க. வக்கீல் போனையே எடுக்கல."

நாற்காலியைப் பிடித்து உட்காரவைத்தேன். பதினொரு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். முகத்தை என் குரல் வந்த பக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மிச்சமிருந்தது: இதை எதிர்த்துத் தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதை நான் படிக்கவில்லை. அந்தத் தொண்ணூறு நாளும் முடிந்த பிறகுதான் டாக்டர் அவள் கண்ணைப் பார்த்திருக்கிறார், நீங்களும் வந்திருக்கிறீர்கள். ஆனால் அன்று அவள் ரொம்பக் களைத்திருந்தாள் மேடம். இன்னொரு வழக்கு, இன்னொரு அலைச்சல் எல்லாம் அவள் உடம்புக்கு ஆகாது. சேர்ந்து வாழ்ந்த காலத்தில்கூட அவள் உடம்பைப் பற்றி நான் அவ்வளவு யோசித்ததில்லை.