உள்ளறையில் பச்சை விளக்கு

மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டால் ஒரு பேட்டரி நான்கைந்து வருடம் தாராளமாக உழைக்கும். அக்கா வீட்டு மணிக்கு நான் வைத்த பேட்டரி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போனீர்களே, சோதித்துப் பாருங்கள் ஐயா.

அருப்புக்கோட்டையில் இருபத்தெட்டு வருடம் தறி மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டினேன். கண் மங்கியதும் கடையை விட்டுவிட்டு, பரளச்சிக்கு வெளியே எங்கள் காட்டில் இருந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். அறுபது எட்டு எடுத்து வைத்தால் முருகேஸ்வரி அக்கா வீடு. அத்தான் போன பிறகு அவளும் தனி, நானும் தனி. சுற்றிலும் பருத்தி, அதைத் தாண்டினால் கருவேலம்.

தை மாதம் பக்கத்து ஊரில், காட்டு வீட்டில் இருந்த வயதான புருஷன் பெண்டாட்டியை நகைக்காக அடித்துப் போட்டார்கள். நடந்தது பகலில். ஊர்ச்சனம் நூறுநாள் வேலைக்குப் போயிருந்த நேரம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பைக் சத்தம் கேட்டாலே கதவைத் தாழிட்டுக்கொள்வேன். அதனால் மணி செய்தேன். அக்காவுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

வேலை எளிதுதான். அவள் முன்கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சின்னச் சுவிட்ச். இரண்டும் மதன்குமாரின் எலெக்ட்ரிக் கடையில் வாங்கியவை. கதவு திறந்தால் மணி என் அடுப்படியில் அடிக்கும். அவள் வீட்டில் அடித்தால் திருடன் உஷாராகிவிடுவான் இல்லையா. என்னிடம் ஒரு சுவிட்ச் உண்டு. அதை அழுத்திக்கொண்டிருக்கும் வரை அவள் உள்ளறையில் ஒரு பச்சை விளக்கு எரியும்.

விளக்கு எரிந்தால் எனக்குக் கேட்டுவிட்டது, ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பொருள். உள்ளறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். எரியாவிட்டால் நான் வீட்டில் இல்லை. உள்ளறையின் பின்கதவைத் திறந்து, பருத்திக்குள் புகுந்து, சனம் வேலை செய்யும் கண்மாய்க்கு ஓடிவிட வேண்டும். இதை அவளுக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன்.

"மணி அடிக்கும், விளக்கு எரியும், எல்லாஞ் சரி. நீ வருவியாலே?" என்றாள்.

"வாராம எங்க போகப் போறேன்?"

"திருவிழா வேட்டுக்கே கட்டிலுக்கடியில போய்ப் படுத்தவன்தானலே நீ."

"அப்ப எனக்கு ஏழு வயசுக்கா."

"போன வருசம் திருவிழாவச் சொல்றேன்" என்று சிரித்தாள்.

தினமும் காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்து பார்ப்பாள். இங்கே மணி அடிக்கும். நான் சுவிட்சை அழுத்துவேன். "எரியுதுலே" என்று அங்கிருந்து குரல் வரும். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் எனக்குக் காப்பி குடிக்கத் தோன்றும்.

பங்குனி பதினொன்று, மதியம் இரண்டரை மணிக்கு மணி அடித்தது. எலி ஒயரைக் கடித்துவிட்டது, மணி அடிக்கவே இல்லை என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். ஒயரைக் குறட்டால் நறுக்கி, நசுக்கிவிட்டது நான்தான். நீங்கள் வருவதற்கு முன்பே செய்துவிட்டேன். மட்டமான சாமானை விற்றான் என்று மதன்குமாரை ஊரே ஏசுகிறது. அவன் கொடுத்த சாமானில் ஒரு குறையும் இல்லை.

மணி அடித்ததும் முதலில் அதைத் துண்டால் பொத்தினேன். சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் வாசலில் ஒரு பைக் நின்றது. கடப்பாரையோடு ஒருவன் உள்ளே போனான், அவன் பின்னால் இன்னொருவன். என் வீட்டுக் கதவைத் தாழிட்டு, மாவுச் சாக்கை அதற்கு முட்டுக் கொடுத்தேன். போனை எடுத்தேன். பேசினால் வெளியே கேட்கும் என்று தோன்றியது, வைத்துவிட்டேன். பிறகு சுவிட்சை அழுத்தினேன்.

பழக்கத்தில் விரல் தானாகப் போய்விட்டது என்று முதலில் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. கண்மாய்க்குப் போகும் ஒற்றையடிப் பாதை என் வாசலைத் தொட்டுத்தான் போகும். அவள் ஓடி வந்தால் என் கதவைத்தான் தட்டுவாள். அவள் பின்னால் அவர்கள் இருப்பார்கள். சுவிட்சில் விரலை வைக்கும்போதே இது எனக்குத் தெரிந்திருந்தது.

உள்ளறைக் கதவை இடிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நல்ல தேக்குக் கதவு, அத்தான் காலத்தில் போட்டது. நடுவில் ஒரே ஒரு தடவை, "ஏலே வீரபாண்டி" என்று குரல் வந்தது. பயந்த குரலாக இல்லை. எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்பது போல இருந்தது. நான் சுவிட்சை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டேன்.

கையெட்டும் தூரத்தில் பின்கதவு இருந்தும் அந்தம்மா ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் அன்றைக்கு எல்லோரிடமும் கேட்டீர்கள். என்னிடமும் கேட்டீர்கள். இப்போது சொல்லிவிட்டேன்.

பைக் போன சத்தம் கேட்கும் வரை, இருபது நிமிடம் இருக்கும், விரலை எடுக்கவில்லை. நுனி வெளுத்து மரத்துப்போய்விட்டது. எடுத்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும். தம்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஒரு கஷ்டத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றது எப்படியோ, கடைசிவரை அவள் தனியாக இருக்கவில்லை ஐயா. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.