எதிர்காற்றில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்

— நீ போற ஊருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்னு போன்ல காட்டுது. மணிக்குத் தொள்ளாயிரம்னு வச்சாக்கூட பத்து மணி நேரத்துக்கு மேல ஆகும்.

— அது நேராப் பறந்தா. நேராப் போற விமானமே கிடையாதுங்க. நடுவுல இறங்கி மாறணும்.

— அங்க எவ்வளவு நேரம் உக்காரணும்?

— அஞ்சு மணி நேரம். இன்டர்வியூவுக்குப் போனப்ப உக்காந்தேனே. நாற்காலிக்கு நாற்காலி கைப்பிடி வச்சிருக்கான், படுக்கவும் வழியில்ல.

— இங்க மூணு மணி நேரம் முன்னாடியே போகணும். அங்க இறங்கி, உன் வீட்டுக்கு?

— ரயில்ல ஒண்ணரை மணி நேரம்.

— பாரு, முழுசா ஒரு நாளை முழுங்கிடுச்சு. எனக்கு லிப்ட் கம்பெனியில சேர்ந்தாப்ல ஆறு நாளுக்கு மேல லீவு தரமாட்டான். போக ஒண்ணு, வர ஒண்ணு, அந்த ஊர் கடிகாரத்துக்கு உடம்பு பழக ஒண்ணு. மிச்சம் மூணு நாள் குட்டியோட.

— அவளுக்கு ஸ்கூல் இருக்குமே.

— அப்ப சாயங்காலம் மட்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. இப்ப ரெண்டு ஸ்டாப் தள்ளி இருக்கீங்க, ஞாயித்துக்கிழமையானா ஓடி வந்துடறா. விவாகரத்து ஆனதோட விட்டிருக்கலாம் நீ. இவ்வளவு தூரத்துல போய் வேலை தேடணுமா?

— இங்க தேடாமலா இருந்தேன்? நர்ஸ் வேலைன்னா எல்லா இடத்துலயும் ராத்திரி ஷிப்டுதான் தர்றான்.

— சரி, விடு. குழந்தையப் பாக்க எப்பெப்ப வருவீங்கன்னு வக்கீல் கேப்பார். என்னத்தச் சொல்ல? அவர் கூப்பிடற வரைக்கும் சாஞ்சுக்கோ. ட்யூட்டி முடிஞ்சு அப்படியே வந்திருக்க, கண்ணு சொருகுது.

— தூக்கம் வரல. அங்கேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம்னு பாருங்க.

— அதே தூரந்தானே.

— தூரம் அதேதான். நேரம் பாருங்களேன்.

— இரு... ஆமா, ஒண்ணரை மணி நேரம் கூடக் காட்டுது. எதிர்காத்தாம். போறப்ப தள்ளிவிடுது, வர்றப்ப மறிக்குது. நாம குடித்தனம் பண்ணின மாதிரி.

— மாறி ஏறுற இடத்துல?

— ஏழு மணி நேரம். எனக்கென்ன, திரும்பி வந்தா காலி வீடுதானே. அந்தக் கைப்பிடி நாற்காலியிலயே கிடந்துட்டு வரேன்.

— ஏழா? வேற விமானம் எதுவும் இல்லையா?

— அதை எதுக்கு நோண்டற? நான் அவகிட்ட போய்ச் சேர்ற கணக்கே இங்க உதைக்குது.

— புது ஆஸ்பத்திரியில முதல் வருஷம் பத்து நாள்தான் லீவாம். அதான்.

— உன் லீவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— பதினோரு வயசாச்சு, அவகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்கன்னு வக்கீல் சொன்னாரில்ல. நேத்து காலையில தலை பின்னிவிடறப்ப கேட்டேன். "நீ போயிட்டு வாம்மா, நான் அப்பாகூட இருக்கேன்"ன்னா. அழக்கூட இல்லைங்க. வந்து வந்து பாத்துட்டுப் போகப்போறது நான்தான்.