வைரக்கண்ணு வைத்த பிரேக் கட்டை

– இதைச் சைக்கிளுன்னு சொல்லி இறக்கி வச்சிருக்கியேம்மா, வண்டிக்காரன் சிரிக்கலையா?

– சிரிச்சான் பாய். பேரீச்சம்பழத்துக்குப் போடுற சாமானை எங்க கொண்டு போறேன்னு கேட்டான். பக்கீர் முகம்மது பாய் கடையில இறக்குன்னேன். அதோட சிரிப்பை நிறுத்திட்டான்.

– ஐஸ் வைக்காதே. சக்கரத்துல பாதிக் கம்பி இல்ல. செயினு மரவட்டை மாதிரி சுருண்டு கிடக்கு. சீட்டுல கோழி முட்டை போட்டிருக்கும் போல. எத்தனை வருஷமா மழையில கிடந்துச்சு?

– மூணு வருஷம். போலீஸ் டேசன் வேப்பமரத்தடியில. போன வாரம் பழைய இரும்பெல்லாம் ஏலம் விட்டாங்க. நான் இது ஒண்ணை மட்டும் கேட்டு வாங்கினேன்.

– டேசனா? எந்த ஊரு நீ?

– வடக்குவெளி, கீழத்தெரு. பேரு அம்சவல்லி. வைரக்கண்ணு பொண்டாட்டி.

– ஏங்க, ஸ்பேனரைக் கால்ல போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? இந்தாங்க டீ. இது யாரு, வெயில்ல நிக்க வச்சிட்டு? உள்ள வா தங்கச்சி.

– எண்ணெய்க் கை மெஹராஜ். வழுக்கிடுச்சு.

– இருக்கட்டும்க்கா. நான் இஞ்சயே நிக்கிறேன். பாய் அதைக் கழட்டுறதைப் பாக்கணும்.

– அம்மாடி, ஒண்ணு சொல்றேன் கேளு. இதுக்குப் போடுற பாட்டுக்கு ரெண்டு வண்டி கட்டிடலாம். உள்ள ஒண்ணு நிக்குது, பழசுதான், ஆனா ஓடும். அதைத் தள்ளிட்டுப் போ. இதை இப்படியே விட்டுடு.

– இதான் வேணும் பாய். இதை முதல்ல எங்கேருந்து எடுத்தாரு தெரியுமா? பெரிய வாய்க்கால் தூர் வாரும்போது. மம்பட்டியில டங்குன்னுச்சாம். புதையலுன்னு எல்லாரும் ஓடினாங்க. பாத்தா, சேறு வழிய வழிய இது வருது. மிராசு வூட்டுப் பெரியவரு காலத்துச் சீமைச் சைக்கிளு. என்னிக்கு விழுந்து கிடந்துச்சோ. மத்தவங்க கரையில வீசிட்டு வேலையைப் பாத்தாங்க. இவரு தோள்ல தூக்கிட்டு வூட்டுக்கு வந்துட்டாரு. மேலெல்லாம் சேறு. நான் அன்னிக்கு அவருகூடப் பேசல.

– பேசாம இருந்தா ஆம்பளைங்களுக்கு வசதிதானே தங்கச்சி.

– ஒரு மாசம் மண்ணெண்ணெயில ஊறப் போட்டாருக்கா. விளக்குக்கு எண்ணெய் இல்லாம நாங்க வெளிச்சத்தோட சோத்தைத் தின்னுட்டுப் படுத்தோம். ஆனா ஓடுச்சு. அதுக்குப் பிறகு ஊருல எவன் எதை வீசினாலும் இவரு கண்ணு அங்கதான். தபாலாபீசுல கழிச்சது, ரைஸ்மில்லுல லாரி ஏறி மடங்கினது, வாத்தியாரு மாத்தலாகிப் போகும்போது விட்டுட்டுப் போனது. இதோட போர்க்கு அதுல, அதோட ரிம்மு இதுல. ஏழு வண்டி கட்டினாரு. கீழத்தெருவுல வரிசையா ஏழு சைக்கிளு நின்னுச்சு.

– ஏழா தங்கச்சி? எங்க தெருவுலயே அப்ப மூணுதான்.

– அதைத்தான் மிராசால தாங்க முடியல. முன்னெல்லாம் அவங்க சொல்ற கூலிக்குத்தான் அறுப்பு. வேற ஊருக்கு நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள அங்க ஆளு இறங்கிடும். சைக்கிளு வந்த பிறகு ஏழு வண்டியில பதினாலு பேரு. எந்த ஊருல கலத்துக்கு அரைப்படி கூலி கூடுதலா அளக்குறாங்களோ, அந்த ஊருக்குப் போயிட்டாங்க. சர்க்காரு மாறுச்சு, கொடி மாறுச்சு, அதெல்லாம் எங்க தெருவுக்கு வந்து சேரலக்கா. சைக்கிளுதான் வந்துச்சு.

– மெதுவாப் பேசும்மா. இந்தக் கடை நிக்கிறது மிராசு வூட்டு இடம்.

– மெதுவாத்தான் பேசுறேன் பாய்.

– நெத்தியில பொட்டு இல்லாம நிக்கிறியே. உன் வூட்டுக்காரரு எப்படித் தங்கச்சி மௌத்தானாரு?

– வெளியூர் ஆளை அறுப்புக்கு இறக்கப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. பக்கத்து ஊரு கூலிக்காரங்க சங்கத்துக்குச் சொல்ல இந்த வண்டியிலதான் போனாரு. பெரிய பாலத்து இறக்கத்துல, வாய்க்கால்ல கிடந்தாரு. பக்கத்துல வண்டி. பின்மண்டையில அடி. கேசு நடந்துச்சு. சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது, இறக்கத்துல நிக்காமத் தானா விழுந்து செத்தாருன்னு தீர்ப்பாயிடுச்சு.

– பிரேக் இல்லைன்னு யாரு தங்கச்சி சொன்னது?

– வண்டியைப் பாத்த ஒரு மெக்கானிக்கு. கூண்டுல ஏறிச் சொல்லிட்டு, கையெழுத்தும் போட்டாராம்.

– எந்தப் பாவி அவன்? அவன் கை விளங்குமா?

– மெஹராஜ், உள்ள போ. சோறு குழையப் போகுது.

– குழையட்டும். கேசு என்னிக்குத் தங்கச்சி நடந்துச்சு?

– பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாளு.

– அன்னிக்குத்தானே நீங்க மாயவரத்துக்குச் சாமான் வாங்கப் போயிட்டு வெறுங்கையோட வந்தீங்க? வந்து ரெண்டு நாளு காய்ச்சல்னு படுத்தீங்களே.

– ஆமா. கடை பூட்டியிருந்துச்சு. ஏம்மா அம்சவல்லி, எல்லாம் முடிஞ்சு மூணு வருஷமாச்சு. இப்ப இதை ஓட வச்சு என்ன பண்ணப் போற?

– தீர்ப்பு வந்த அன்னிக்கே எங்க தெருவுல மிச்சம் ஆறு வண்டியையும் சுவத்துல சாத்திட்டாங்க பாய். வைரக்கண்ணு கட்டின வண்டி வைரக்கண்ணையே கொன்னுடுச்சு, நம்மளை விடுமான்னு பொண்டாட்டிங்க எல்லாம் அழுது தடுத்துட்டாங்க. இப்ப அதுல கோழி அடையுது. திரும்ப நடைதான். திரும்ப மிராசு சொல்ற கூலிதான். அவரு போனது போனதுதான். ஆனா அவரு கட்டின வண்டிக்கு இந்தப் பேரு நிக்கக் கூடாது. அந்த ஆறும் திரும்ப ரோட்டுக்கு வரணும்.

– சரி. விட்டுட்டுப் போ. பத்து நாளு ஆகும். பிரேக்குல லாரி டயர் கட்டை இருக்கு, அதை எடுத்துட்டுப் புதுசா…

– பாக்காமலே சொல்றீங்களே பாய். சேறு அப்பிக் கிடக்கே.

– இந்தப் பக்கத்துல எல்லாரும் அப்படித்தானேம்மா வெட்டிப் போடுறாங்க.

– மத்தது எதை வேணும்னாலும் மாத்துங்க. அந்தக் கட்டை ரெண்டும் அவரு வச்சபடியே இருக்கட்டும்.

*

– இன்னியோட ஆறு நாளாச்சு. வேற வண்டியைத் தொடவே இல்ல நீங்க. வாடகைக்கு வர்றவனெல்லாம் திரும்பிப் போறான்.

– இங்க வந்து பாரு மெஹராஜ். பிரேக்குக்குக் கம்பி கிடைக்காம கிணத்து வாளிக் கைப்பிடியை நிமித்தி வச்சிருக்கான். இந்த வளைவைப் பாரு. பட்டறையில கொடுத்தாக்கூட இப்படி வராது. கட்டை உக்கார்றதுக்குத் தகரத்தை மடிச்சுக் கூடு பண்ணியிருக்கான். நாலு பக்கமும் ஒரே அளவு. அவன்கிட்ட அளவுகோல் இருந்திருக்காது. நெல்லுத் தாளை ஒடிச்சு அளந்திருப்பான்.

– உங்க வாயால இன்னொருத்தன் வேலையை மெச்சி நான் கேட்டதே இல்ல.

– இருவத்தெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்கு இது தோணினதில்ல. சீட்டைப் பாத்தியா? தேங்காநாரைத் திரிச்சுத் திணிச்சு, மேல லாரித் தார்ப்பாயை வச்சுத் தச்சிருக்கான். மூணு வருஷம் மழை பெஞ்சும் உள்ள நாரு மக்கல.

– அந்த மெக்கானிக்கு இதையெல்லாம் பாத்திருந்தா, பிரேக் இல்லைன்னு சொல்லியிருப்பானா?

– பாத்திருப்பான்.

– பாத்துட்டுமா சொன்னான்?

– அந்தப் பால்ரஸ் குண்டு டப்பாவை எடு.

– மிராசு வூட்டு ஆளு நேத்து வந்து நின்னானே, என்னவாம்?

– அந்த டேசன் வண்டி இங்க எதுக்கு வந்துச்சுன்னு கேட்டான்.

– நீங்க என்ன சொன்னீங்க?

– வண்டி கெட்டுப் போனா சைக்கிள் கடைக்குத்தான் வரும்னேன்.

– அடேயப்பா. மிராசு ஆளுக்கிட்ட நீங்க இப்படிப் பேசி இன்னிக்குத்தான் கேக்குறேன். சாயங்காலம் கறி எடுத்துடுறேன்.

*

– இது அதே வண்டியா பாய்?

– தொட்டுப் பாரு. சக்கரத்தைச் சுத்தி விடு. கோட்டம் இருக்கான்னு பாரு.

– இல்ல பாய். நிக்காம சுத்துது. சத்தமே காணும்.

– புதுச் செயினு, புதுக் கம்பி, ரெண்டு டயரு. கறுப்புப் பெயிண்ட் ரெண்டு கோட்டு. சீட்டை நான் தொடல, தொடச்சது மட்டும்தான். கட்டையும் அவரு வச்சதுதான்.

– இந்த மணி?

– அது நான் வச்சதும்மா. இருக்கட்டும்.

– கழட்டிடுங்க பாய். கேக்காததைக் குடுத்தா வாங்கிக்க என்னமோ மாதிரி இருக்கு. எனக்கு வேற ஒண்ணு கேக்கணும், பிறகு கேக்குறேன்.

– சரி, யாரு ஓட்டிட்டுப் போறது? தம்பி யாராவது வந்திருக்காங்களா?

– நான்தான்.

– நீயா தங்கச்சி?

– கோடையில தரிசுல கத்துக்கிட்டேங்க்கா. சாத்தி வச்ச ஆறுல ஒண்ணைக் கோழியை விரட்டிட்டு எடுத்தேன். முட்டியைப் பாருங்க, தோலு எங்க இருக்கு? தெருவே நின்னு சிரிச்சுச்சு. பிரேக் இல்லாத வண்டியில ஏறி இவளும் போகப் போறாடின்னு என் நாத்தனா அழுதுச்சு.

– அல்லா. சேலையோட எப்படி ஓட்டுவே?

– நாத்து நடும்போது எப்படிச் சொருகுறோமோ, அப்படித்தான். பாய், எதுத்தாப்ல இருக்கிற இந்தப் பாலத்து மேல ஏறி, இறக்கத்துல மிதிக்காம விடப் போறேன். வாய்க்கால் ஓரத்துல நிறுத்துவேன். ரெண்டு பேரும் அந்தப் பூவரச மரத்தடியில நின்னு பாருங்க.

– வேணாம்மா. நான் ஓட்டிக் காட்டுறேன்.

– பிரேக் பிடிக்காதுன்னு பயமா பாய்?

– பிடிக்கும்.

– அப்புறம் என்ன?

– ஏங்க, போக விடுறீங்களே. குறுக்குக் கம்பிக்கு மேல காலைத் தூக்கிப் போட்டு ஏறிட்டா. அந்தா, பாலத்து மேல போயிட்டா. டீக்கடையில அத்தனை பேரும் எழுந்து நிக்கிறான்.

– நிக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்.

– திரும்பிட்டா. இறக்கத்துல விட்டுட்டா. காலை எடுத்துட்டா. வேகமா வருதுங்க, ரொம்ப வேகமா வருது.

– பிடிக்கும். ரெண்டு கட்டையும் பிடிக்கும்.

– தண்ணிங்க. முன்னாடி தண்ணி.

– பிடிச்சுடுச்சு.

– யா அல்லா. நின்னுடுச்சு. நின்னுடுச்சுங்க. தங்கச்சி, அப்படியே இரு, வர்றேன்.

– எனக்கு ஒண்ணும் இல்லக்கா. தண்ணிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல கையை வச்சுப் பாத்துச் சொல்லுங்க, எவ்வளவு இருக்கு?

– ஒரு முழம் இருக்கும். இரு, முழத்துக்கு நாலு விரக்கடை குறையுது.

– இதைக் கட்டி முடிச்ச அன்னிக்கு எங்கூரு பாலத்துல அவரு இப்படித்தான் இறங்கிக் காட்டினாரு. அப்ப ஒரு முழம் இருந்துச்சு. மூணு வருஷம் மழையில கிடந்து நாலு விரக்கடைதான் தேஞ்சிருக்கு.

– டீக்கடையில கை தட்டுறாங்க தங்கச்சி. மிராசு ஆளும் அங்கதான் நிக்கிறான். அவன் தட்டல.

– அவன் பாத்தா போதும்க்கா. பாய், உங்ககிட்ட வெள்ளைத்தாளு இருக்கா? மணி வேணாம்னேன்ல, இதான் நான் கேக்க வந்தது. நான் எத்தனை தடவை இறங்கிக் காட்டினாலும் எங்க தெருவுல பாதிப் பேரு நம்ப மாட்டாங்க. மெக்கானிக்கு சொல்லி வந்த பயம், மெக்கானிக்கு சொன்னாத்தான் போகும். மூணு வரி எழுதிக் குடுங்க. தெருவுல நிக்க வச்சுப் படிச்சுக் காட்டுறேன்.

– எழுதுறேன். சொல்லு.

– வடக்குவெளி வைரக்கண்ணு கட்டிய சைக்கிளை நான் பிரித்துப் பார்த்தேன். இரண்டு பிரேக்கும் அவர் வைத்தபடியே இருந்தன. இன்றைக்கும் நன்றாகப் பிடிக்கின்றன. அவ்வளவுதான் பாய்.

– இந்தா.

– ‘இரண்டு பிரேக்கும் அவர் வைத்தபடியே இருந்தன.’ நான் சொன்னபடியே இருக்கு.

– உனக்குப் படிக்கத் தெரியுமா?

– அவரு இருந்தவரைக்கும் தெரியாது. சங்கத்துல சாயங்காலம் சொல்லிக் குடுக்குறாங்க, மூணு வருஷமாப் போறேன். ஒரே ஒரு காகிதத்தைப் படிக்கணும்னுதான் போக ஆரம்பிச்சேன். போன மாசிக்குத்தான் அதை முழுசாப் படிச்சு முடிச்சேன். பாய், கீழ பேரு போடலையே.

– பேரு எதுக்கும்மா? விஷயந்தான் இருக்குல்ல. கடை முத்திரை குத்தித் தர்றேன்.

– ஏங்க, நல்லதை எழுதிட்டுப் பேரு போட என்ன கூச்சம்?

– உனக்குத் தெரியாது மெஹராஜ். மிராசு காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே இடத்தைக் காலி பண்ணச் சொல்லுவாங்க.

– சொல்லட்டும். நம்ம வூட்டு வாசல்ல கடையைப் போட்டுக்கலாம். அந்தப் பொண்ணு வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வந்து நிக்குது, உங்களுக்குப் பேனா பிடிக்கப் பயமா? போடுங்க.

– ஆமா பாய், போடுங்க. தீர்ப்புல மூணாம் பக்கத்துல, ‘நாலாம் சாட்சி, பக்கீர் முகம்மது, சைக்கிள் கடை’ன்னு முழுசாப் போட்டிருக்கு. இதுலயும் அதே மாதிரி முழுசாப் போட்டுக் குடுங்க.