என் நாற்காலிக்காக நகர்ந்த ஒலிவாங்கிகள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் இக்காஸ்ட் நகர இசை மன்றத் தலைவர், பண்பாளர் சண்முகலிங்கம் அவர்களே! பனியைக் கடந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! தொழிற்சாலை உடையை மாற்றவும் பொழுதின்றி நேரே வந்திருக்கும் தாய்மார்களே! இன்று வெளியாகும் இந்தப் பாடல் இறுவட்டின் நாயகி, மரியநாயகி அம்மையீர்! அனைவர்க்கும் என் தலை தாழ்கிறது.

வெளியீட்டுரைக்கு அழைத்தார்கள். யான் தரப்போவது வாக்குமூலம்.

சென்ற மார்கழியில் இதே மண்டபத்தில் அம்மையார் பாடினார். அவருக்குக் கழுத்திலே கட்டி, தையிலே அறுவை. குரல் மீளுமா என்று கேட்டோம். மருத்துவர் உறுதி சொல்லவில்லை. அன்று பதிந்ததே பதிவு. மறுமுறை என்பது இல்லை.

பதியும் பொறுப்பு, சில்க்போர்க் நகரில் வளர்ந்த ஒலிப்பொறியாளர் மேனுஜாவிடம். மூன்று இணை ஒலிவாங்கிகளை நிறுத்தினார். பாடகி முன்னே ஓரிணை, மேடை விளிம்பில் உயரத்தே ஓரிணை, அவைநடுவே ஓரிணை. ஒன்று போதாதா என்கிறீர்களா, ஐயா? அருகில் நிற்பதற்குக் குரல் தெரியும், மண்டபம் தெரியாது. தொலைவில் நிற்பதற்கு மண்டபம் தெரியும், சொல் தெரியாது. கூட்டினால்தான் முழுமை. ஆனால் ஒலி நடந்து வருவது; அவைநடுவுக்குப் பிந்தித்தான் வரும். அந்தப் பிந்துதலை அளந்து, நேர்செய்து கூட்டவேண்டும். மேனுஜா அளவுநாடா பிடித்தார். முன்னிணையிலிருந்து நடுவிணைவரை எட்டு மீற்றர். எழுதிவைத்தார்.

யான் வந்தேன்! சிறப்பு விருந்தினன் அல்லவா, நம் வழக்கப்படி பிந்தி வந்தேன். மூன்றாம் பாடல் முடிந்திருந்தது.

“ஐயாவுக்கு நடுவில கதிரை போடுங்கோ!” என்றார் தலைவர். சிரிக்கிறார், பாருங்கள்! நடுவிலே நின்றது எது? ஒலிவாங்கி. தூக்கிப் பின்னே வைத்தார்கள்.

“அண்ணை, அதைத் தொடாதேங்கோ!” என்று ஓடிவந்தார் மேனுஜா.

“மைக்தானே பிள்ளை, பின்னாலயும் கேக்கும்!” என்றார் தூக்கியவர்களில் ஒருவர்.

மீண்டும் அளக்குமுன் என்னை மேடையேற்றிவிட்டார்கள். இரண்டு நிமிடம் என்றேன். இருபத்தேழு நிமிடம் பேசினேன்! பிறகு பாட்டு, பாட்டினிடையே நாடா பிடிக்கலாமா? நிகழ்ச்சி முடிந்த கையோடு, கதிரைகளுடன் அந்த ஒலிவாங்கித் தாங்கியையும் மடித்துவிட்டார்கள். எங்கே நின்றதென்று எவருக்கும் தெரியாது.

வீட்டிலே மேனுஜா மூன்று பதிவுகளையும் கூட்டினார். முதல் மூன்று பாடல்களும் பளிங்கு. நான்காவதிலிருந்து? குடத்துக்குள் நின்று பாடுவதுபோல் குரல். மிருதங்கத்தின் ஒவ்வொரு தட்டின் பின்னும் ஒரு நிழல். பாடியவரோ மருத்துவமனைப் படுக்கையில், பேச்சின்றி. அந்தப் பதிவிலே அவர் குரலைக் கெடுத்தது நோயா? என் நாற்காலி!

முன்னும் பின்னும் அமைதி சூழ்ந்த ஒரேயோர் ஓசை வேண்டும். அஃதிருந்தால் தொலைவைக் கணிக்கலாம். பாட்டிலே உண்டா? எல்லாம் பின்னிக் கிடந்தது. கைதட்டலிலே உண்டா? நூறு கைகள், நூறு திசைகள். எங்கே கிடைத்தது?

என் பேச்சு நீண்டது. எழுந்து போனோர் கதவைத் திறந்தார்கள், குளிர் நுழைந்தது, மிருதங்கத்தின் சுருதி கலைந்தது. யான் இறங்கியதும் மிருதங்கக் கலைஞர் சிந்துஜன் சுருதி சேர்க்கக் கல்லெடுத்து, கட்டை வைத்துத் தட்டினார். டொக்! டொக்! அவை அயர்ந்திருந்தது, ஓர் இருமலும் இல்லை. அந்தத் தட்டு முன்னிணையை அடைந்த கணத்தையும் நடுவிணையை அடைந்த கணத்தையும் ஒப்பிட்டார் மேனுஜா. நான்கு மீற்றர் பின்னே நகர்ந்திருந்தது. நேர்செய்தார். குடம் உடைந்தது, குரல் வெளியே வந்தது!

என்னை அழைத்தார். “ஐயா, உங்கட பேச்சை வெட்டட்டோ?”

“வெட்டுங்கள்.”

“முழுசாவோ?”

“முழுவதும். அந்தத் தட்டு மட்டும் இருக்கட்டும்.”

அம்மையார் இப்போது பேசுகிறார், இன்னும் பாடவில்லை. பதிவை முழுதாகக் கேட்டுவிட்டு, மெல்லச் சொன்னாராம்: “ஓம், இது என்ர குரல்தான்.”

தலைவர் அவர்களே, இன்று யான் எல்லோர்க்கும் முன்னரே வந்தேன். என் நாற்காலியைச் சுவரோரம் நானே போட்டிருக்கிறேன். கேட்கப்போகும் செவிகளுக்கெல்லாம் நன்றி சொல்லி, கைகூப்பி, அங்கே போகிறேன். மேனுஜா, ஒலிக்கட்டும்!